குடிக்காத எனக்கு ஏன் ஈரலில் கொழுப்பு?

தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரையும் பேரையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 46. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார். ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ஆடி மாதம் வலது விலாவுக்குக் கீழே மந்தமாக வலித்திருக்கிறது. பித்தப்பையில் கல்லோ என்று பயந்து ஸ்கேன் எடுத்தார். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்று இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 62; பிளேட்லெட் 2.1 லட்சம்.

அறிக்கையை வாங்கிப் படித்த பக்கத்து வீட்டுப் பையன், “இது குடிக்கிறவங்களுக்கு வர்றதுல்லா” என்று சொல்லிவிட்டான். ஒரே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மாமியாரே இன்னொருவரிடம், “ராத்திரி ஒளிச்சு வச்சுக் குடிக்காளோ என்னமோ” என்று சொன்னது இவர் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் வாரத்தில் நாலு நாள் குடிப்பவர். அவருக்குப் போன வருடம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. “குடிக்கிற மனுசன் நல்லா இருக்காரு. மோந்துகூடப் பார்க்காத எனக்கு ஈரல் கெட்டுப்போச்சு. இது என்ன நியாயம் டாக்டர்?” என்று கேட்கிறார்.

இன்னும் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் ஈரல் மேலும் கெடும் என்று யாரோ சொல்ல, இரண்டு மாதமாகச் சர்க்கரை மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். எண்ணெயை அறவே விட்டுவிட்டு மூன்று வேளையும் கஞ்சி, சோறு, துவையல். சீனியைத் தொடுவதில்லை, கருப்பட்டிக் காப்பிதான். காலையில் வெறும் வயிற்றில், சந்தையில் வாங்கிய ‘கீழாநெல்லி சேர்ந்த’ ஒரு பொடி. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இது தொற்றுமா, மகளுக்கும் வருமா, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஈரலையே மாற்ற வேண்டி வருமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். ஒரு சொட்டு மதுவும் படாத உடம்பில் ஈரலில் கொழுப்பு சேரும். தினமும் பார்க்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்களுக்கு வயிறு வலித்தது, ஸ்கேன் எடுத்தீர்கள், தெரிந்துவிட்டது.

உங்களைச் சுட்ட அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு மருத்துவக் குழு, குடிக்காதவர்களின் ஈரல் குடிப்பவர்களின் ஈரலைப் போலவே கெட்டிருப்பதைக் கண்டு எழுதியது. அப்போது வைத்த பெயரிலேயே ‘ஆல்கஹால் அல்லாத’ என்ற சொல் சேர்ந்துவிட்டது. நோய்க்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வந்த பெயர், வாயைத் திறந்ததும் மதுவைத்தான் நினைவுபடுத்தியது. 2023-ல் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து பெயரை மாற்றின. ‘வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல்’ என்பதுதான் புதுப் பெயரின் பொருள். சர்க்கரை, இடுப்புப் பருமன், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் இவற்றோடு கூடப் பிறந்தது என்று அர்த்தம். பெயரை மாற்றியதற்கு ஒரு காரணமே, உங்களைப் போன்றவர்கள் பட்ட அவமானம்தான்.

முதலில் அந்த மாத்திரை

மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கிரேடு 2 இல்லை. நீங்கள் மாத்திரையை நிறுத்தியதுதான். நிறுத்திய பிறகு வெறும் வயிற்றுச் சர்க்கரை 186 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் ஈரலைக் கெடுக்காது. கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினும் உங்களுக்கு இருக்கும் அளவு ஈரல் கொழுப்பில் பாதுகாப்பானதே. உங்கள் எஸ்ஜிபிடி இயல்புக்குச் சற்று மேலே இருக்கிறது. அது அந்த மாத்திரையை நிறுத்தக் காரணமில்லை. ஈரலில் கொழுப்பு உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது ஈரல் நோய் இல்லை, மாரடைப்பு போன்ற இதய நோய்தான். ஈரலைக் காப்பாற்றுவதாக நினைத்து நெஞ்சுக்கு இருந்த காவலைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாத இடைவெளி விழுந்துவிட்டதால் பழைய அளவை நீங்களாகவே தொடங்க வேண்டாம். டாக்டர் பார்த்து அளவு சொல்வார். போய்வர நேரமில்லை என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடம் பதிவு செய்துகொண்டால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

கிரேடு 2 என்றால் என்ன, என்ன இல்லை

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்கும் ஆட்டீரலைப் பார்த்திருப்பீர்கள். கருஞ்சிவப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். கொழுப்பு சேர்ந்த மனித ஈரலை நான் மாணவனாக இருந்தபோது அறுவை அரங்கில் முதன்முதலாகப் பார்த்தேன். மஞ்சள் பாய்ந்து, பெருத்து, ஓரமெல்லாம் மழுங்கிப்போய் இருந்தது. ஸ்கேனில் அந்தக் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். பக்கத்திலிருக்கும் சிறுநீரகத்தைவிட ஈரல் கொஞ்சம் வெளுத்திருந்தால் கிரேடு 1. ஈரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கிப்போனால் கிரேடு 2. பின்பக்கமே தெரியாத அளவுக்கு வெளுத்தால் கிரேடு 3.

ஆக, கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு கண்மதிப்பு. புற்றுநோய்க்குச் சொல்லும் ‘ஸ்டேஜ்’ மாதிரி இதை எடுத்துக்கொண்டு, ‘இரண்டு தாண்டிவிட்டது, இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். நாங்கள் கவலைப்படுவது தழும்பைப் பற்றி. கொழுப்பு சேர்ந்த இடம் சிலருக்கு மட்டும் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, வருடக்கணக்கில் நார் கட்டும். அந்த நார் ஈரல் முழுக்கப் பரவினால்தான் சுருக்கம், அதாவது சிரோசிஸ். கிரேடு 1 உள்ள ஒருவருக்கு நார் அதிகமாக இருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்கு நாரே இல்லாமல் இருக்கலாம். சாதாரண ஸ்கேன் அதைச் சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. காசு செலவில்லை, உங்கள் அறிக்கையில் உள்ள எண்களே போதும். ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும்: 46 × 52 = 2392. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து (உங்களுக்கு 210), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் (62-க்கு 7.87) பெருக்கினால் ஏறக்குறைய 1653. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 1.45 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-க்கு மேலே என்றால் உடனே ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். உங்களுடையது நடுவில், கீழ்க்கரைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நடுவில் நிற்பவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது நல்லது. மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். விலா இடுக்கில் கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள், வலிக்காது, பத்து நிமிட வேலை. ஈரலின் விறைப்பு 8-க்குக் கீழே வந்தால் நிம்மதியாக இருங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் இரைப்பை–குடல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கும். முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் முதலில் காட்டி, அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு கேளுங்கள். எந்தச் சோதனை எங்கே இலவசம், எது வெளியில் என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூடவே மஞ்சள் காமாலை வைரஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். உங்கள் அறிக்கையில் அது இல்லை. ஈரல் எண்கள் ஏறியிருக்கும் யாருக்கும் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

ஈரலை மாற்ற வேண்டி வருமா என்ற கேள்விக்கு: உங்கள் எண்கள் எதுவும் அந்தப் பக்கம் கைகாட்டவில்லை. கண் மஞ்சளாவது, கால் வீங்குவது, வயிறு நீர்கோத்து உப்புவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பேச்சில் தடுமாற்றம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓட வேண்டும். உங்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

சோறும் கருப்பட்டியும்

ஈரலில் கொழுப்பு என்றதும் எண்ணெயை நிறுத்திவிட்டீர்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஈரலுக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. ஏறக்குறைய 59 விழுக்காடு உடம்பில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து வருவது. 26 விழுக்காடு, மாவுச்சத்திலிருந்தும் இனிப்பிலிருந்தும் ஈரல் தானே செய்துகொள்வது. சாப்பிடும் கொழுப்பிலிருந்து நேராக வருவது 15 விழுக்காடுதான். நீங்கள் அந்தப் பதினைந்தை விரட்டிக்கொண்டு, இருபத்தாறுக்குத் தட்டு நிறையச் சோறு போடுகிறீர்கள்.

கருப்பட்டியைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும். எனக்கும் அந்த மணம் பிடிக்கும். ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் அதுவே. அதில் பாதி ஃபிரக்டோஸ், அது நேராக ஈரலுக்குத்தான் போகும். ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர் கருப்பட்டிக் காப்பி என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பியை விட வேண்டாம். இனிப்பில்லாத காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு மூன்று தம்ளரோடு நிறுத்தி, கருப்பட்டியை வாரத்துக்கு வாரம் பாதியாக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

சோறு கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதித் தட்டுக்கு அவரைக்காய், புடலங்காய், வாழைத்தண்டு, கீரை. கால் தட்டுக்குச் சோறு. மீதிக் கால் தட்டுக்குப் பயறு, முட்டை, மீன். சாளை மலிவாகக் கிடைக்கும் நாளில் குழம்பு வையுங்கள், நல்ல கொழுப்பு அதில்தான் இருக்கிறது. உளுந்தம்பருப்புச் சோறு நம்முடைய நல்ல சாப்பாடு. அரிசியைக் குறைத்து, தொலி உளுந்தைக் கூட்டிப் போட்டு, எள்ளுத் துவையலோடு சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு சிறு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பயப்படாமல் சேர்க்கலாம். வீட்டுக்காரர் ராத்திரி வாங்கிவரும் புரோட்டா பார்சலையும் கலர் பாட்டிலையும் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மைதாவையும் சால்னா எண்ணெயையும் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் ஈரலுக்கு ஓய்வே கிடையாது.

எடைக்குக் கணக்கு இது. 68 கிலோவில் மூன்றரைக் கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஐந்து கிலோ குறைந்தால் புண் ஆறும். ஏழு கிலோ குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே குறைந்திருக்கிறது. தை மாதத்துக்குள் நாலு கிலோ, அடுத்த ஆடிக்குள் ஏழு. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் ஈரல் வீக்கம் கூடும், நீங்கள் பயந்த பித்தப்பைக் கல்லும் வந்து சேரும்.

சொளவை இறக்கி வைத்துவிட்டு

என்னிடம் வரும் பீடி சுற்றும் பெண்கள் நாற்காலியிலிருந்து எழும்போது பார்த்திருக்கிறேன். கை தானாகச் சுவரைத் தேடும். காலை நீட்டி, மடியில் சொளவை (முறத்தை) வைத்து, குனிந்த தலை நிமிராமல் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், தொடைத் தசைக்கு வேலையே இருக்காது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டிய பெரிய தசை அது. அது வாங்காததை எல்லாம் ஈரல் வாங்கிக் கொழுப்பாக்குகிறது. மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்கும்போது, அதுவரை பெண்ணுக்கு இருந்த இயற்கைப் பாதுகாப்பும் குறைந்துவிடும். உங்களுக்கு இப்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

நடைப்பயிற்சிக்கு வ.உ.சி. மைதானத்துக்கு வரச் சொன்னால் உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். நூறு பீடி சுற்றியதும் சொளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள். சுவரைப் பிடிக்காமல், கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்து, வாசலுக்கும் கொல்லைக்குமாக ஐந்து நிமிடம் நடங்கள். முதல் வாரம் பத்து முறை முடியாது, மூன்று முறை போதும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்றால் பத்து தடவை எழுகிறீர்கள், ஐம்பது நிமிட நடை ஆகிவிடும். வாரத்துக்கு 150 நிமிடம் என்று நாங்கள் கேட்பதைவிட அது அதிகம். பீடிக் கணக்கு கொஞ்சம் குறையும், பத்து நாள் கழித்துக் கை பழகிவிடும்.

பொடி, டானிக், ஊசி

சந்தைப் பொடியை இன்றே நிறுத்துங்கள். கீழாநெல்லியின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஈரல் கொழுப்பை அது கரைக்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. அதைவிட, பேர் இல்லாத அந்தப் பொட்டலத்தில் கீழாநெல்லியோடு வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. நல்லது என்று நம்பிச் சாப்பிட்ட சீந்தில் கொடியால் ஈரல் வீங்கியவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். சித்த வைத்தியத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்த மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த அறிக்கையையும் மாத்திரைச் சீட்டையும் மறைக்காமல் நீட்டுங்கள். இங்கே சாப்பிடுவதை அங்கேயும், அங்கே சாப்பிடுவதை இங்கேயும் சொல்லிவிடுங்கள்.

லிவர் டானிக், ‘டீடாக்ஸ்’ பாட்டில் எதற்கும் காசைக் கொட்ட வேண்டாம். வைட்டமின் ஈ சிலருக்கு உதவும், ஆனால் அது பெரும்பாலும் சர்க்கரை இல்லாதவர்களிடம் சோதிக்கப்பட்டது. நீங்களாக வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கும், 2025-ல் செமாகுளுடைட் ஊசிக்கும் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. அது நடுத்தரமும் அதற்கு மேலும் தழும்பு ஏறியவர்களுக்கு. உங்கள் ஃபைப்ரோஸ்கேன் வராமல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வீட்டுக்காரரும் மகளும்

இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. மாப்பிள்ளை வீட்டுக்கு உங்கள் ஸ்கேனைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, அது உங்கள் உடம்பு, உங்கள் அறிக்கை. மகளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, நீர்க்கட்டி என்றார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீர்க்கட்டியும் ஈரல் கொழுப்பும் அடிக்கடி சேர்ந்தே வரும். தாய்க்குச் சர்க்கரை இருப்பதால் அவளுக்கும் ஒருமுறை சர்க்கரையும் ஈரல் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்காக இல்லை, அவளுக்காக.

வீட்டுக்காரரின் ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு சேர்ந்தால்தான் சாதாரண ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். தழும்பு தெரியவே தெரியாது. அவருக்கும் அதே ரத்தப் பரிசோதனையை எடுத்து அதே ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் குடிப்பதைக் குறைப்பதற்கு உங்கள் சொல்லைவிட அந்த எண் உதவினாலும் உதவும்.

மாமியார் சொன்னது உங்களை எவ்வளவு நோகடித்தது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அந்த வரிகளில் மட்டும் மை கலைந்திருக்கிறது. நீங்கள் தெருவுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, “அத்தை, துணைக்கு வாங்க” என்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே டாக்டர் முன்னால் உட்கார வைத்து, “குடிக்காதவங்களுக்கும் இது வருமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். பதிலை அவர் காதாலேயே கேட்கட்டும். அவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது என்கிறீர்கள். அப்படியே அவருக்கும் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு வாருங்கள்.